தனித்தொட்டி

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். இருந்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன். ஒருவர் நமக்கென்று கலந்து கொடுத்ததை மிச்சம் வைத்து அவர் மனதை நோகடிப்பது எனக்குப் பிடிக்காத காரியம். இந்தப் பழக்கம் எல்லோருக்கும் இருந்திருந்தால் நீங்களும் நானும் இப்படி மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்லுங்கள் என்றீர்கள். மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். உடனே ஜன்னலோரம் நிற்கிற உங்கள் உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், எனக்கு இறங்கிவிடும். என் மனைவிக்கு அது தெரியும். நான் ரொம்ப மெதுவாகப் பேசினால் அவள் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது மருந்து தேடுவதல்ல. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். மீன் வாயைத் திறந்து சொல்லாது. செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா, தீனி போட்டால் வருகிறதா, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறதா என்று நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அலறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரன் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து நீட்டுவான். மறுநாள் மீன் மல்லாந்து கிடக்கும், அவனுக்கு இன்னொரு மீன் விற்கும்.

எனக்கு இந்தப் பொறுமை தொழிலில் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் ஒருவர் நுழையும்போதே தலையைச் சாய்க்கிற விதத்தைப் பார்த்து எந்தக் கண் மந்தம் என்று சொல்லிவிடுவேன். தெருவில் எனக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். என் மனைவி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்க கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, அதுதான் எங்கள் வீட்டின் கலகலப்பு. உள்ளே துளை துளையாய்க் கல், வெள்ளை மணல், பூ மாதிரி விரிகிற கடற்சாமந்திப் பிராணி ஒன்று, அதற்குள் புகுந்து விளையாடுகிற கோமாளி மீன் ஜோடி, சிவப்புக் கோடு போட்ட இறால்கள், கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்கிற நத்தைகள். இவற்றுக்கெல்லாம் மேலே, மஞ்சள் வாலோடு தட்டையாக ஒரு நீல மீன். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அவள்தான்.

“நாள் முழுக்க இங்கயும் அங்கயும் நடந்துக்கிட்டே இருக்கு. உருப்படியா ஒரு வேலையும் செய்றதில்ல. எங்க மேனேஜர் இதேதான்,” என்பாள். அவள் சிரித்தால் தோள் குலுங்கும். நான் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து, வேறு ஊர்க் கிளைக்கு என்னை மேனேஜராகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். சொல்லும்போது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கே குடியிருக்க வீடும் கொடுக்கிறார்களாம். நீங்களும் வந்துவிடுங்கள், கடையை அங்கே போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் நான் வாராவாரம் வந்துபோகிறேன் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். நான் நல்லது என்றேன். வாராவாரம் வந்துபோகிறவர்களுக்கு விருந்தாளி என்று பெயர், மனைவி என்று இல்லை. ஆனால் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, எனக்குச் சொல்வதற்கு முன்பே அவள் தங்கைக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அந்தத் தங்கை துணி தைக்கிற கடை வைத்திருக்கிறாள். வாயைத் திறந்தால் தையல் மெஷின் தோற்றுப்போகும். ‘போக்கா, போ, யாரையும் பார்க்காதே’ என்று உசுப்பேற்றியது அவள்தான் என்பது எனக்கு அன்றே தெரியும். அன்று ராத்திரி நான் ரொம்ப மெதுவாகப் பேசினேன்.

அந்த வாரமே மேனேஜர் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தான்.

இதில் என் கை இல்லை. நான் செய்ததை மட்டும்தான் நான் ஒத்துக்கொள்வேன், ஆகையால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன். புதிதாக வாங்கிப் போட்ட கல்லோடு ஒட்டுண்ணி வந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். மாவு தூவினது போல் இருந்தால் அது ஒரு வியாதி, சீக்கிரம் கொன்றுவிடும். உப்புக் கல் தூவினது போல் இருந்தால் வேறு, அதற்கு அவகாசம் உண்டு. உப்புக் கல்தான். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், அவள் முகம் வாடிவிட்டது. இப்படிப்பட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

தனித்தொட்டி என்பது வெறும் கண்ணாடிப் பெட்டி. மணல் கிடையாது, கல் கிடையாது, விளக்கு கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும் போடுவோம். மற்ற மீன்களையும் மாற்றிவிட்டுப் பெரிய தொட்டியை மீனில்லாமல் பட்டினி போட வேண்டும், மணலில் கிடக்கிற ஒட்டுண்ணி ஏறிக்கொள்ள உடம்பு கிடைக்காமல் சாகும்வரை. தனித்தொட்டியில் காப்பர் மருந்து விடுவோம். செம்புச் சத்துதான் அது, நீலமாக இருக்கும். ஒட்டுண்ணி சாகிற அளவுக்கும் மீன் சாகிற அளவுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. வைத்தியம் என்பது அந்த இடைவெளியில் நின்றுகொண்டே இருப்பது. தினமும் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, காப்பர் அளவைக் காட்டுகிற சொட்டு மருந்து விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கை தவறக் கூடாது. என் கை தவறியதில்லை.

“மருந்த பெரிய தொட்டியிலயே ஊத்தினா என்னங்க? எதுக்குப் பிடிச்சு மாத்தி அதுகள பயமுறுத்தணும்?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நான் நிதானமாக விளக்கினேன். “மீன் தாங்கும்மா. எறால் தாங்காது, நத்தை தாங்காது. ஒரு தொட்டியில மீனெல்லாம் நல்லா நீந்திக்கிட்டு எறால் மட்டும் செத்துக் கெடந்துச்சுன்னா, யாரோ காப்பர ஊத்திட்டாங்கன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்.”

அவள் தலையாட்டினாள். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அவள் மறக்க மாட்டாள். அலுவலகத்தில் அவளைத் தூக்கி உட்காரவைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்த நாட்களில் நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். அவள் வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றியதும் தரையில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள், இரண்டு பேரும் அந்த வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்போம். குழாய்க்குள்ளிருந்து மேனேஜர் மூக்கை நீட்டினால் என் கையைப் பிடித்து அழுத்துவாள். நான் கேட்காமலே, சேர்வதற்குக் கொஞ்சம் தவணை வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டாள். தங்கை போன் செய்தால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். உடம்புக்கு முடியாத ஓர் உயிர் வீட்டில் இருந்தால் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

புள்ளிகள் உதிர்ந்தன. அவள் குழந்தை மாதிரி கை தட்டினாள். அடுத்த மூச்சிலேயே, “அப்ப நான் அடுத்த வாரம் கெளம்பட்டுமாங்க?” என்றாள்.

நான் வலையை எடுத்து மீன்களைப் பெரிய தொட்டியில் விட்டேன். கொஞ்சம் சீக்கிரம்தான். மணலில் ஒட்டுண்ணி இன்னும் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். புள்ளி உதிர்ந்ததுமே குணமாகிவிட்டது என்று நினைப்பது கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு, நான் கற்றுக்குட்டி இல்லை. ஆனால் அவள் கெளம்பட்டுமா என்று கேட்ட விதம் இருக்கிறதே, அதில் எனக்கு வயிறு எரிந்துவிட்டது. இத்தனை நாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மீனுக்காக மட்டும்தானா? மேனேஜருக்கு மறுபடி வந்தது, முன்பைவிட மோசமாக. அவள் மறுபடி தவணை கேட்டாள்.

கோமாளி மீன்களுக்குத் தோல் கெட்டி, தேறிக்கொண்டன. மேனேஜர் தேறவில்லை. அவன் செத்த அன்று அவள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கண்ணோடு சிரித்து, “மேனேஜர் போயிட்டான். இனிமே நான்தான் மேனேஜர்,” என்றாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தாள். மீன் செத்தது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்துக்கொண்ட மீன். நான் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன்.

கிளம்புகிற வாரம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. முதலில் வயிற்றைப் புரட்டியது. பிறகு வாந்தி. தீனி போட்டால் வரவில்லை. மன்னிக்க வேண்டும், சாப்பாடு வேண்டாம் என்றாள். நிறம் இறங்கியது, வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடியில் படுக்க வேண்டாம், படி ஏறி இறங்க முடியாது என்று கூடத்தில் தொட்டியை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். ஆபீஸ் பெண்கள் பார்க்க வந்தார்கள், தூங்குகிறாள் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். போனை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நோய்ப்பட்ட உயிருக்குச் சுற்றிலும் சாமான் இருக்கக் கூடாது, சத்தம் இருக்கக் கூடாது. கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பாள். நீங்கள் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று அவள் வாயால் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகாமல் இருந்தேன் என்று அவள் தங்கை சொன்னால் அது பொய். எங்கள் வழக்கமான டாக்டர்தான், என்னிடம் கண்ணாடி போட்டுக்கொள்கிறவர். அவருக்குத் தூரப் பார்வையும் சரியில்லை, கிட்டப் பார்வையும் சரியில்லை. நோயாளியைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, புது வேலை, புது ஊர், மனசில் படபடப்பு, அதனால் வயிறு கெடுகிறது என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் கலந்து கொடுப்பதைத்தான் என்று என் பக்கம் கையைக் காட்டினாள். கொடுத்துவைத்தவர் என்றார் டாக்டர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நகத்தைப் பார்க்கவில்லை, கண் வெள்ளையைப் பார்க்கவில்லை. இவர்களை நம்பித்தான் ஊரே இருக்கிறது. இதைவிட மீன் கடைக்காரனே தேவலை.

வாந்தி எடுத்த உடம்பில் உப்பும் தண்ணீரும் வற்றிவிடும். ஆகையால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதற்கு முன் காபி. காபி பிடிக்கவில்லை என்று அவள் நிறுத்திய பிறகு இந்தத் தண்ணீர். நான்தான் கலந்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. எவ்வளவு என்பதை உங்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்வார்கள், அதை நான் ஏன் சொல்ல வேண்டும்? ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் இடைவெளியில்தான் நின்றேன். எழுந்து ஊரைவிட்டுப் போக முடியாத அளவுக்கும் எழுந்திருக்கவே முடியாத அளவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. தினமும் பார்த்தேன். நிறம் ரொம்ப இறங்கினால் குறைத்தேன். கொல்ல நினைக்கிறவன் குறைப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் உதவியாளர் இப்போது சிரிக்கவில்லை. பரவாயில்லை, தொடர்கிறேன்.

அவள் தங்கைக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். வாசலில் நிறுத்தி அனுப்புகிற ஆள் இல்லை அவள். இடித்துக்கொண்டு உள்ளே வந்து, திரையை விலக்கிவிட்டு, அக்காவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இவ்வளவு நாளாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லையாம். போனை ஏன் எடுக்கவில்லையாம். நான் மெதுவாகத்தான் பதில் சொன்னேன். என் மனைவி படுத்தபடியே, “விடுடி, அவரும் எனக்காக ராப்பகலா கஷ்டப்படுறாரு,” என்றாள். அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்குப் போய் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“நீங்க கடையப் பாருங்க அத்தான். நான் பாத்துக்குறேன்,” என்றாள் தங்கை. சமையல் அவள் கைக்குப் போயிற்று. தண்ணீர் கலப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் கடைக்குப் போகும்போது குடுவை நிறையக் கலந்து கட்டில் பக்கத்தில் வைப்பேன், சாயங்காலம் வந்து காலியாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் தேற ஆரம்பித்தாள். முதலில் வாந்தி நின்றது. அப்புறம் இரண்டு வாய் சாப்பிட்டாள். ஒரு நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். இத்தனை நாள் மலத்தை, வாந்தியை அள்ளியவன் நான். தேறியதும் தங்கையோடு சேர்ந்து சிரிப்பு. மறுநாளிலிருந்து குடுவையில் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. அப்படியும் அவள் தேறிக்கொண்டேதான் போனாள். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கணக்கிலும் அடங்காத உடம்பாக இருந்தது.

அதே சமயம் தொட்டித் தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போல் ஆயிற்று. தங்கை மீனுக்கு அள்ளி அள்ளித் தீனி போடுகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வந்து பார்க்கிறேன், நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் குப்புறக் கிடக்கின்றன. கடற்சாமந்தி வாயைப் பிளந்து சுருங்கிப்போயிருக்கிறது. இறால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கல்லிடுக்கில், பம்பு ஓரத்தில், கோடு வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு மேலே கோமாளி மீன் இரண்டும் ஒன்றுமே நடக்காதது போல் நீந்திக்கொண்டிருந்தன.

என் வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அந்த இறால்கள் என் விரலில் வந்து உட்கார்ந்து நகத்தைச் சுத்தம் செய்யும். வாயில்லாத ஜீவன்கள். குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்தேன், சொட்டு மருந்து விட்டேன், குலுக்கினேன். நிறம் ஏறியது. ஏறிக்கொண்டே போயிற்று. அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அட்டையே தேவையில்லை.

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். நீங்கள் என்னைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் பிடிக்கவில்லை. நான் நோயைக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்ததை வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். நல்ல வைத்தியனால் அப்படிச் சொல்லாமல் இருக்க முடியாது. சமையல்கட்டிலிருந்து தங்கையைக் கூப்பிட்டேன். என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். குப்பியையும் அட்டையையும் இரண்டு பேர் மூஞ்சிக்கும் நேராகப் பிடித்தேன்.

“யாரோ இந்தத் தொட்டியில காப்பர் ஊத்தியிருக்கீங்க,” என்றேன். ரொம்ப மெதுவாகச் சொன்னேன்.

தங்கை விழித்தாள். காப்பரா, அப்படியென்றால் என்ன, நான் தொட்டியைத் தொட்டதே இல்லை அத்தான் என்றாள். நான் விடவில்லை. உன் கையில் பூசுகிற கிரீம், நீ தெளிக்கிற சென்ட், நீ கழுவுகிற பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டும் என்று இன்னும் கேட்டேன்.

“அவள ஏங்க திட்டுறீங்க. ஊத்தினது நான்தான்,” என்றாள் என் மனைவி.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அந்தத் தண்ணி எனக்கு எறங்கவே மாட்டேங்குதுங்க. வாய்ல வச்சாலே கொமட்டுது. குடிக்கலன்னு தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும். எந்திரிச்சு பாத்ரூம் வரைக்கும் போகவும் அப்ப முடியல. கைக்கெட்டுற தூரத்துல தொட்டி. உப்புத் தண்ணிதான, உப்புத் தண்ணிக்குள்ள ஊத்தினா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்.” பிறகு, “இதுல நான் வேற எதையும் ஊத்தலங்க. நீங்க கலந்து குடுத்தத மட்டும்தான் ஊத்தினேன்,” என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தொட்டியைப் பார்த்தாள். செத்த இறாலைப் பார்த்தாள், நீந்துகிற மீனைப் பார்த்தாள். என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். பிறகு அசையாமல் உட்கார்ந்து என்னைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படிப் பார்ப்பதற்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு தடவை சொன்னால் மறக்காதவள் என்று முன்பே சொன்னேன்.

நான் அந்தக் குடுவையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் மேலிருந்து பார்வையை எடுக்காமலே, “இத எடுத்துக்கிட்டு இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போடி,” என்று தங்கையிடம் சொன்னாள். தையல்காரிக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா முகத்தைப் பார்த்துத்தான் ஓடினாள். அவள் திரும்பி வரும்போது உங்கள் ஆட்கள் கூட வந்தார்கள். அதுவரை நானும் என் மனைவியும் கூடத்தில் தனியாக இருந்தோம். நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. செத்த இறால்களை வலையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசு என்றேன். அவள் என் கையிலிருந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லீரல் கெட்டிருக்கிறது, ஆனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நீங்கள் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். நம்பினால் நம்புங்கள். அந்த மேனேஜர் வேலையை அவளுக்காகக் காலியாகவே வைத்திருக்கிறார்களாம், அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதை ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. இப்போது அவளுக்கு யார் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் கண்டவர் கையால் குடிக்க மாட்டாள், அவளுக்கு என் கைதான் பழக்கம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மேனேஜரைத் தெரிந்தேதான் சீக்கிரம் விட்டேன். என் மனைவிக்கு நான்தான் கொடுத்தேன். காபியில் கொடுத்தேன், தண்ணீரில் கொடுத்தேன், தேறினபோது கூட்டிக் கொடுத்தேன். போகாமல் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தொட்டிக்கு நான் பொறுப்பில்லை, அதையும் எழுத வேண்டும். காப்பர் ஒரு தடவை கல்லில் ஊறிவிட்டால் போகவே போகாது. அந்தக் கல்லையும் மணலையும் இனி குப்பையில்தான் கொட்ட வேண்டும், அதற்குள் இன்னொரு இறால் உயிரோடு இருக்காது. எத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. நான் கொடுத்ததைக் கொடுத்தபடி அவள் குடித்திருந்தால் ஓர் இறால்கூடச் செத்திருக்காது.